அம்மாவின் அயோடின்

எங்கள் வீட்டுத் தரையில் அப்பா சாக்பீஸால் ஒரு கோடு போட்டபோது எனக்குப் பதினொரு வயது. பின்னறை வாசலிலிருந்து உள்ளே நான்கு எட்டு வைத்து அளந்து, குனிந்து, சுவரிலிருந்து சுவர்வரை ஒரே இழுப்பில் இழுத்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் கட்டில். இந்தப் பக்கம் நாங்கள். "இதைத் தாண்டக் கூடாது, கேட்டோ" என்று என்னைப் பார்த்து மட்டும் சொன்னார். அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

மட்டாஞ்சேரியில் எங்களுடையது இரண்டு அறை வீடு. முன்னறையின் ஒரு மூலைதான் அடுக்களை. பின்னறையின் கதவைத் திறந்தால் கைக்குட்டை அளவுக்கு ஒரு முற்றமும் குளியலறையும். அப்பா குட்ஸ் ஆட்டோ ஓட்டினார். அம்மா பள்ளுருத்தியில் ஒரு தையல் கம்பெனியில் நைட்டி தைக்கப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். அம்மா தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அங்கே எட்டாவதுவரை படித்தவள். தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள். அக்காவுக்கும் எனக்கும் பள்ளியில் மலையாளமும் இங்கிலீஷும்தான். வீட்டில் தமிழ் பேசுவோமே தவிர, ஒரு தமிழ் எழுத்தைக்கூட எங்களுக்கு அடையாளம் தெரியாது. நான் தமிழ் எழுதக் கற்றுக்கொண்டது வேலைக்குப் போன பிறகுதான். ஆக, அந்த நாட்களில் நான் எழுதுவதை அம்மாவால் படிக்க முடியாது. அவள் எழுதுவதை என்னால் படிக்க முடியாது. பேசிக்கொண்டிருந்தவரையில் இது ஒரு குறையாகவே எங்களுக்குத் தோன்றியதில்லை.

அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. எறணாகுளத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அதை அறுத்து எடுத்தார்கள். கட்டி போய்விட்டது என்று எனக்குச் சொன்னார்கள். அது புற்றுநோய் என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. கட்டி போன பிறகும் ஏன் இன்னொரு மருந்து என்று கேட்டதற்கு, "வேரு கெடக்கும்ல, அதைக் கருக்கத்தான்" என்றார் அப்பா. அந்த மருந்து அயோடின். ஒரு மாத்திரை, அவ்வளவுதான். ஆனால் அதை விழுங்கியவர்களை ஒரு தனி அறையில் வைத்துக் கனத்த கதவைச் சாத்திவிடுவார்களாம். உடம்பிலிருந்து கதிர் வருமாம்.

அந்த மாத்திரைக்கு முன்னால் இரண்டு வாரம் அம்மாவுக்குப் பத்தியம். அயோடின் கலந்த உப்பு கூடாது, பால் கூடாது, கடல் மீன் கூடாது. கொச்சியில் இருந்துகொண்டு மீன் இல்லாமல் இரண்டு வாரம். அம்மாவுக்காக நாங்களும் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டுச் சேச்சி மத்தி வறுக்கும் வாசனை சுவரைத் தாண்டி வரும்போது அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். சாயா குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போவார். திரும்பி வரும்போது அவருடைய விரல்களில் மீன் வாசனை அடித்ததை நானும் அம்மாவும் மட்டும் கவனித்தோம்.

இந்த நாட்களில்தான் அக்காவுக்கு மாடல் எக்ஸாம். பிசிக்ஸில் அணுக்கரு பற்றிய பாடம் அவளுக்குப் பிடிபடவே இல்லை. அதில் சமன்பாடுகள் வரும். ஒரு எழுத்து, அதன் இடப்பக்கம் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். பிறகு ஓர் அம்புக்குறி. அம்புக்கு அந்தப் பக்கம் அதேபோல் இரண்டு. ஏதாவது ஓரிடத்தில் எண்ணுக்குப் பதில் கேள்விக்குறி இருக்கும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "ஆல்ஃபா போனா மேலே நாலு குறையும், கீழே ரெண்டு குறையும், பீட்டா போனா மேலே மாறாது, கீழே ஒண்ணு கூடும்" என்று பாட்டுப் போல உருப்போடுவாள். பிறகு நோட்டைத் திறந்து கூட்ட வேண்டிய இடத்தில் குறைத்து, குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டிவைப்பாள்.

நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து என் வீட்டுப்பாடத்தைச் செய்வதுபோல அவளுடைய நோட்டைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். யுரேனியம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் இடப்பக்கம் மேலே 238 இருந்தது. வலப்பக்கம் மேலே 234-ம் 4-ம் இருந்தன. கீழே இடப்பக்கம் 92. வலப்பக்கம் 90-ம் 2-ம். இதிலே என்ன பாட்டு வேண்டியிருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

"இது கூட்டல் கணக்குதானே. மேலே உள்ளதெல்லாம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒண்ணா வரணும். கீழே உள்ளதும் ஒண்ணா வரணும்."

"நீ மிண்டாம இரி" என்றாள் அக்கா. வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே நோட்டை என் பக்கம் திருப்பிவைத்தாள். ஆறு கேள்விகளில் நான்கை ஒரு நிமிடத்தில் நிரப்பினேன். அந்த எழுத்துகள் எந்தப் பொருளைக் குறிக்கின்றன என்று தெரியாமலே, எண்களை மட்டும்.

ஐந்தாவதில் மாட்டிக்கொண்டு, புத்தகத்தையே திறந்து பார்த்தேன். கார்பன். இடப்பக்கம் மேலே 14, கீழே 6. அம்புக்கு அப்பால் நைட்ரஜன், மேலே 14, கீழே 7. கூடவே ஓர் எலக்ட்ரான் வெளியே போகிறது.

"இது தப்பா அச்சடிச்சிருக்கு. ஒரு சாமான் வெளியே போனா மிச்சம் கொறையணும்ல? ஆறு எப்படி ஏழாவும்?"

"அது அங்ஙனதான்" என்றாள் அக்கா. "எலக்ட்ரானுக்குக் கீழே மைனஸ் ஒண்ணு. அதான்."

மைனஸ் எண்கள் எங்கள் வகுப்பில் அப்போது வந்திருக்கவில்லை. அது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. இரண்டு நாள் அதே நினைவு. பஜார் ரோட்டில் பழைய கிடங்குகளுக்கு இடையே ஒரு சந்து காயலில் போய் முடியும். அங்கே தண்ணீருக்குள் இறங்கும் கல்படிகள் உண்டு. பள்ளி விட்டு வரும்போது அங்கே நிற்பது என் வழக்கம். தண்ணீர் மட்டத்தில் ஒரு படி பாதி நனைந்து கிடந்தது. அதற்குக் கீழே ஒரு படி பாசியோடு தண்ணீருக்குள் தெரிந்தது. தண்ணீர்ப் படியைப் பூஜ்யம் என்று வைத்து மேலே எண்ணினால் ஆறாவது படியில் நான் நின்றேன். தண்ணீருக்குள் தெரிகிற அந்தப் பாசிப்படியிலிருந்து ஒருவன் ஏறி வந்தால் என் படிக்கு வர எத்தனை படி ஏற வேண்டும்? ஏழு.

பள்ளிப் பையோடு வீட்டுக்கு ஓடினேன். மைனஸ் ஒன்றில் தொடங்கி ஏழு ஏறினால் ஆறு. ஆகவே ஏழையும் மைனஸ் ஒன்றையும் கூட்டினால் ஆறு. புத்தகம் தப்பில்லை. அச்சடித்தவர்களை மன்னித்தேன். அக்கா நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பென்சிலை எடுத்து நான்கு கணக்குகளைப் போட்டாள். நான்கும் சரியாக வந்தன. அதன் பிறகு அவள் பாட்டை நிறுத்திவிட்டாள். சில கணக்குகளை எனக்கென்று மிச்சம் வைக்கவும் தொடங்கினாள்.

அம்மா மாத்திரை விழுங்கி, ஆஸ்பத்திரியின் தனி அறையில் இரண்டு ராத்திரி இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். என்னை இடக்கொச்சியில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகத்தான் பேச்சு. எனக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து பஸ் பிடித்து வருவது நடக்காது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அதனால்தான் அந்தக் கோடு. பின்னறையும் குளியலறையும் அம்மாவுக்கு. நாங்கள் மூன்று பேரும் சேச்சி வீட்டுக் குளியலறைக்குப் போனோம். அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், துணிகளுக்குத் தனி வாளி. நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும், எலுமிச்சங்காயை வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் இங்கிலீஷில் இருந்தன. ஒரு வாரம் குழந்தைகளை நெருங்க விடக் கூடாது என்றும் இருந்தது.

முதல் நாள் சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு முன்னால் நான் கோட்டில் நின்று அம்மாவை உற்றுப் பார்த்தேன். எங்காவது லேசாக வெளிச்சம் தெரியும் என்ற ஆசை. முகம் வீங்கி, கண்கள் சுருங்கி, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டி எடுத்த பிறகு தினமும் போட்டுவந்த மாத்திரையை இந்த அயோடினுக்காக நிறுத்தியிருந்ததால் அவளுக்கு அப்போது எல்லா நேரமும் குளிர். "என்னட்டி அப்படிப் பாக்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அம்மா வீட்டுக்கு வந்த நான்காவது நாள். அன்று எனக்குப் பரீட்சை இல்லை. அக்காவுக்கு மத்தியானம் மாடல் எக்ஸாம். கிளம்பும் அவசரத்திலும் கடைசியாக ஒரு கணக்கு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அயோடின். மேலே 131, கீழே 53, பீட்டா வெளியே போகிறது, மிஞ்சுவது என்ன? நிரப்பாமல் என்னிடம் தள்ளிவிட்டுத் தலை வாரப் போனாள்.

131 என்ற எண்ணை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். ஆஸ்பத்திரித் தாளின் தலைப்பில் அதே எழுத்தும் அதே எண்ணும் இருந்தன. தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. புத்தகத்தில் இருப்பது அம்மாவின் மாத்திரை.

எலக்ட்ரானுக்கு மேலே பூஜ்யம், அதனால் மேலே 131 அப்படியே. கீழே 53, மைனஸ் ஒன்றோடு எதைக் கூட்டினால் 53? 54. பீரோக் கதவில் அக்கா ஒட்டியிருந்த தனிமங்களின் அட்டவணையில் 54-ஐத் தேடினேன். செனான் என்று இருந்தது.

"அக்கா, செனான் கெட்டதா?"

அவள் வாயில் ஹேர்பின் வைத்துக்கொண்டே சொன்னாள். "அது ஒரு காஸ். ஒண்ணோடும் சேராது. யாரையும் ஒண்ணும் பண்ணாது."

அவள் போய்விட்டாள். அப்பா லோடு ஏற்றிக்கொண்டு இடப்பள்ளிக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். முன்னறையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் அந்தச் சமன்பாட்டைப் பெரிதாக எழுதினேன். எண்களைச் சிவப்பிலும் அம்புக்குறியை நீலத்திலும் போட்டேன். மேலே கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. கீழே கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. மனதில் ஒரு பெரிய நிம்மதி. அம்மாவின் உடம்புக்குள் போன அயோடின் செனானாக மாறுகிறது. செனான் யாரையும் ஒன்றும் செய்யாது. இரண்டு பக்கமும் சமம். விட்டுப்போனது எதுவும் இல்லை. அப்படியானால் இந்தக் கோடு எதற்கு? ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று நான் நினைக்கவில்லை. எங்களுக்குச் சொல்ல மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

கோட்டருகே போய் உட்கார்ந்து தாளின் மேல் அழிரப்பரை வைத்து அம்மாவை நோக்கி வழுக்கிவிட்டேன். பாதி தூரத்தில் நின்றது. துடைப்பத்தின் அடியால் தள்ளினேன். அம்மா குனிந்து எடுத்தாள்.

"என்னட்டி இது?"

"உன் மாத்திரை."

எதையாவது எழுதி அம்மாவிடம் கொடுத்து, அவள் அதை வாசித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எண்களுக்கு மலையாளமும் தமிழும் இல்லையே. அம்மா விரலை வைத்து மெதுவாகப் பார்த்தாள். துணியை அளந்து பார்ப்பதுபோல இரண்டு முனைகளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"மேல நூத்தி முப்பத்தொண்ணு. இங்கிட்டும் அம்புட்டுதான். கீழ அம்பத்திமூணு… இங்கிட்டு அம்பத்தினாலு இருக்கே. இந்த முட்டைக்குக் கீழ, ஒண்ணுக்கு முன்னால என்னத்துக்குக் கோடு?"

மைனஸ் என்றேன். படிகளைச் சொன்னேன். தண்ணீருக்குள் ஒரு படியிலிருந்து ஐம்பத்து நான்கு படி ஏறினால் எங்கே நிற்பாய் என்று கேட்டேன். அம்மா யோசித்தாள். பிறகு அவளுடைய வீங்கிய முகத்தில் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு வந்த முதல் சிரிப்பு.

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.

சரியாக இருக்கிறது என்று அவளே சொல்லிவிட்டாள். நான் எழுந்து கோட்டைத் தாண்டினேன்.

அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன், ஆனால் அதற்குள் பாதி தூரம் போய்விட்டேன். "நில்லுட்டி. அங்கயே நில்லு" என்றாள். கட்டிலிலிருந்து எழுந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். நான் நிற்கவில்லை. கணக்கு சரி என்று தெரிந்த பிறகு எதற்கு நிற்க வேண்டும்? அவளுடைய நைட்டியை இரண்டு கையாலும் பிடித்து வயிற்றில் முகத்தை வைத்தேன். அம்மா என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். லேசாக அல்ல. நான் பின்பக்கமாகப் போய் விழுந்து கட்டில் காலில் முழங்கையை இடித்துக்கொண்டேன். எழுவதற்குள் தலையணையை எடுத்து அதை வைத்தே என்னைத் தள்ளித் தள்ளி வாசலுக்கு வெளியே கொண்டுவந்து விட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"போய்க் கை கால் கழுவு. சோப்பு போட்டுக் கழுவு. மூஞ்சியையும் கழுவு. அந்தச் சட்டையைக் கழட்டித் தனியாப் போடு" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கத்தினாள். கழுவிவிட்டேனா என்று மூன்று முறை கேட்டாள். நான்தான் அழுக்கு, என்னைத் தொட்டது அவளுக்கு அருவருப்பாகிவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன். கழுவினேன். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. சோப்பு பட்டு எரிந்தது. அம்மா அடித்தால் அழுதுவிட்டுப் பத்து நிமிடத்தில் மறந்துவிடுகிற பெண் நான். இது அடியாக இல்லை. அதனால் எப்படி மறப்பது என்று தெரியவில்லை.

அன்று அக்கா வந்ததும் அம்மா அவளைக் கதவுக்குப் பக்கத்தில் கூப்பிட்டுப் பேசினாள். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் முன்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். என்னைப் பற்றித்தான் குற்றப்பத்திரிகை வாசிக்கப்படுகிறது என்று எண்ணி, காதில் விழுந்த ஒன்றிரண்டு சொற்களையும் கேட்காதிருக்க முயன்றேன்.

அதன் பிறகு பகலில்கூடக் கதவு தாழிட்டே இருந்தது. அப்பா சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்ததும் தாழ்ப்பாள் திறக்கும், தட்டு உள்ளே போகும், மறுபடி தாழ்ப்பாள். சாயங்காலங்களில் அம்மா உள்ளேயிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பரீட்சை எப்படி எழுதினேன் என்று கேட்பாள். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். மூடிய கதவுக்கு முன்னால் தலையாட்டினால் உள்ளே இருப்பவளுக்குத் தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியக் கூடாது என்றுதான் ஆட்டினேன்.

ஒரு வாரம் முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துவிட்டு அப்பாவும் அம்மாவும் திரும்பினார்கள். இனிமேல் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அப்பா ஈரத்துணியால் கோட்டைத் துடைத்தார். நான் முன்னறையில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரட்டும், வந்து அவளாகப் பேசட்டும் என்று காத்திருந்தேன். அம்மா என்னைக் கடந்து, முடிந்த அளவு சுவரோரமாக நடந்து, பின்னறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

"அவ இன்னும் கொறச்சு நாள் இருக்கட்டும்னு சொல்றா" என்றார் அப்பா. ஏன் என்று கேட்டதற்கு அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. "நீ பேடிக்காதெ. ஒரு கொழப்பமும் இல்ல" என்றார். எனக்குப் பயமே இல்லை. எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியே போகலாம் என்று சொன்ன பிறகும் ஒருத்தி தன் மகளிடம் வரவில்லையென்றால், அவளுக்கு வர விருப்பமில்லை என்றுதானே அர்த்தம்? அதுவும் ஒரு கணக்குத்தான். அதற்கு எந்த அட்டவணையையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இன்னும் எட்டு நாட்கள் அப்படியே போயின. ஒன்பதாவது நாள் காலையில் நான் எழுந்தபோது பின்னறைக் கதவு திறந்துகிடந்தது. முற்றத்தில் போர்வை, விரிப்பு, தலையணை உறை எல்லாம் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தன. அம்மா அடுக்களை மூலையில் நின்று மத்தி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்தாள். நான் பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சேச்சி வீட்டுக்குப் போய்விட்டேன். எங்கள் குளியலறை எங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று சேச்சி சொல்லிப் பார்த்தாள். இங்கேதான் எனக்குப் பழகிவிட்டது என்றேன்.

இரண்டு நாள் அப்படி இருந்தேன். மூன்றாம் நாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது சீப்பை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்து உட்கார்ந்தாள். அக்கா அத்தனை நாளும் அவசரத்தில் பின்னிவிட்டதில் தலை முழுக்கச் சிக்கு. அம்மா ஒவ்வொரு சிக்காக விரலால் பிரித்து எடுத்தாள். வலித்தபோதும் நான் அசையவில்லை. பள்ளிக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போனேன். ஏன் தாமதம் என்று டீச்சர் கேட்டதும் அழுதுவிட்டேன்.

அம்மாவும் அக்காவும் அன்று கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று என்ன பேசினார்கள் என்று அக்கா எனக்குச் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு, அவளுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் பிறந்த பிறகு.

அம்மா முதலில் என்னுடைய தாளைப் பற்றித்தான் கேட்டாளாம். இது நிஜமா, இப்படித்தான் மாறுமா என்று. நிஜந்தான் என்றிருக்கிறாள் அக்கா.

"எப்ப மாறும்?"

சமன்பாட்டில் அது எழுதப்படுவதில்லை. இது அதுவாக மாறும், இன்னது வெளியே போகும் என்பது மட்டும்தான் அதில் உண்டு. அம்புக்குறி எவ்வளவு நீளம் என்று யாரும் கேட்பதில்லை. அக்கா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள். எந்த அணு எப்போது மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்று இப்போதே மாறலாம், ஒன்று ஒரு மாதம் கழித்தும் மாறாமல் கிடக்கலாம். மொத்தத்தில் எட்டு நாளில் பாதி மாறியிருக்கும்.

"மிச்சம் பாதி?"

"அடுத்த எட்டு நாள்ல அதுல பாதி போகும்."

"அப்ப கால்வாசி கெடக்கும். பூராவும் என்னைக்குப் போவும்?"

"கணக்குப்படி பார்த்தா பூராவும் போகவே போகாதும்மா" என்று அக்கா சொல்லிவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்புக்காரி, மார்க் வாங்குகிற பதில் அது. அம்மா போய்ப் படுத்துவிட்டாள் என்று நினைத்து அக்கா நகரப் போனபோது, கதவை ஒட்டியே அவள் குரல் வந்ததாம். "சின்னவளுக்கு முழங்கையில காயமான்னு பாரு. நீ கேட்டதாக் கேளு."

ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது. அம்மாவின் முகம் வீக்கம் வற்றிப் பழையபடி ஆகியிருந்தது. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, வீட்டில் எத்தனை நாள் தனியாக இருந்தாய் என்று மலையாளத்தில் கேட்டார். அம்மா சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரு வாரமே தாராளம் என்று எழுதிக் கொடுத்தோமே, பிறகு எதற்கு என்றார். எட்டு நாளில் பாதிதான் போயிருக்கும் என்று மூத்த மகள் சொன்னாள் என்றாள் அம்மா. டாக்டரம்மா சிரித்தார். அது பாட்டிலில் வைத்திருக்கும் அயோடினுக்கு உள்ள கணக்கு, உடம்பில் அப்படியில்லை, குடிக்கும் தண்ணீரோடு முதல் இரண்டு மூன்று நாளிலேயே பெரும்பகுதி வெளியே போய்விடும் என்று விளக்கினார். கூடுதலாக இருந்த அந்த எட்டு நாள் தேவையே இருக்கவில்லை. அம்மாவும் கூடச் சிரித்தாள். பிறகு, கழுத்தில் இப்போது ஒன்றும் இல்லைதானே என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தாள். நான் வெளியே பார்க்கவில்லை. என் சமன்பாடு மட்டும் போதாது என்று எனக்குத் தெரிந்துபோயிருந்தது. அக்காவின் எட்டு நாளும் தப்பாகிவிட்டது. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய தப்பு அம்மாவுடையது என்று எனக்குப் பட்டது.

"அப்ப அந்த எட்டு நாளும் சும்மாதானே உள்ள இருந்தே?"

"சும்மாதான் இருந்தேன்."

"டாக்டர் சொன்னதக் கேட்டிருந்தா முன்னாடியே வெளியே வந்திருக்கலாம்ல?"

"வந்திருக்கலாம்."

"எட்டு நாள் வேஸ்ட்டு."

"போவட்டும்ட்டி" என்றாள் அம்மா. பிறகு, கண்டக்டர் வருகிறாரா என்று பார்ப்பவள்போல முன்னால் திரும்பிக்கொண்டாள். என் கையை மடியில் எடுத்து வைத்திருந்தாள்.

பஸ் தோப்பும்படி தாண்டியது. எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒரே ஒரு விடைதான் கிடைத்தது. எங்கள் அம்மா எட்டாவதோடு நிறுத்தியவள், பாவம், அவளுக்குக் கணக்கு வராது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அவளுக்குப் பாதியையும் பாதியில் பாதியையும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு, அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன்.